காத்து சாரின் மகள்

பூதலிங்கம் பிள்ளையை நான் முதலில் பார்த்த அன்று அவர் ஆபீஸ் மொட்டைமாடியில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். காலையில் மழை வரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மத்தியானம் ஆகியும் ஒரு பொட்டு விழவில்லை. "வருதுன்னா வா, இல்லன்னா போ. இப்பிடி நிண்ணு ஆள மெனக்கெடுத்தாத" என்று மேகத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். திருவனந்தபுரத்தில் காற்றையும் மழையையும் அளக்கிற அந்த ஆபீசில் அவர் அப்சர்வர், நான் குமாஸ்தா. அவர் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார். நான் கரமனை அக்ரகாரம். எடுத்த எடுப்பிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மேகத்தைத் திட்டுகிறவன் மனுஷர்களை அவ்வளவாகத் திட்டமாட்டான் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன்.

1950-ல் அவர் மனைவி மங்கலம் இரண்டாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாள். வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. மிச்சம் பொன்னம்மை மட்டும், நாலு வயசு. பதினாறு கழிந்த கையோடு மங்கலத்தின் அண்ணன் தாணுலிங்கம் பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, பிள்ளை அம்மை வீட்டுக்கு உள்ளது. நீரு ஆபீசுக்குப் போனா இத யாரு பாப்பா? நான் கொண்டு போறேன்."

இதில் அக்கறையும் உண்டு, அதற்கு மேலும் ஒன்று உண்டு. நாஞ்சில் வெள்ளாளர் வீடுகளில் ஒரு காலத்தில் மருமக்கள் வழி. பிள்ளைகள் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், தாய்மாமன் சொல்வதுதான் சட்டம், அப்பன் வந்துபோகிற மனுஷன். அந்த முறை சட்டப்படி ஒழிந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. தாணுலிங்கம் பிள்ளைக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"கொஞ்ச நாள் கழியட்டு அத்தான்" என்று பூதலிங்கம் சொல்லிப் பார்த்தார். மாமன் மாதம் தவறாமல் வந்தார். வரும்போதெல்லாம் பிள்ளைக்குப் பாவாடை, முறுக்கு, வெள்ளிக் கொலுசு. போகும்போதெல்லாம் அதே கேள்வி. பூதலிங்கம் அரை ஆளாக இளைத்தார். பெண்டாட்டி போனதை ஒருவாறு தாங்கினவருக்கு இந்தக் குழந்தையும் கைவிட்டுப் போய்விடுமோ என்கிற பயத்தைத் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தீவு வேலை வந்தது. லட்சத்தீவுகளில் ஒன்றில் எங்கள் ஆபீசுக்கு ஒரு சின்ன நிலையம் இருந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் ஒருத்தர் போய் இருக்க வேண்டும். பெயரைக் கேட்டாலே எல்லோருக்கும் வயிற்றுவலி வந்துவிடும். பூதலிங்கம் தானாகப் போய்க் கையைத் தூக்கினார்.

"ஓய், உமக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? கைக்குழந்தை மாதிரி இருக்கு, அதை இழுத்துண்டு நடுக்கடலுக்கா போவீர்?" என்று நான் கத்தினேன்.

"நடுவுல கடல் கெடந்தா அத்தான் வரமாட்டாரு சாமி" என்றார்.

தை மாதம் கோழிக்கோட்டில் ஓடம் ஏறினார்கள். பாய்மரம் கட்டின மர ஓடம். வழி முழுக்கப் பிள்ளை வாந்தி எடுத்ததாம். தீவைப் பற்றி இனி நான் சொல்லப் போவது எல்லாம் அவர் பின்னால் மொட்டைமாடியில் வைத்துத் துண்டு துண்டாக என்னிடம் சொன்னது.

தென்னை, மணல், சுற்றிலும் தண்ணீர். தீவு என்றால் அவ்வளவுதான். நாய் கிடையாது, பாம்பு கிடையாது, சாலை கிடையாது. அங்கே இருக்கிற எல்லோரும் முஸ்லிம்கள், பேசுவது ஒரு மாதிரி மலையாளம். கம்பத்தின் உச்சியில் சுற்றுகிற காற்றுக் கருவியை இவர் அண்ணாந்து பார்த்து எழுதுவதைக் கண்டு அவர்கள் இவருக்குக் 'காத்து சார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் வந்து, "காத்து சாரே, இந்நு காத்து தருமோ?" என்று, இன்றைக்குக் காற்றை இவர்தான் விடப்போகிற மாதிரி, கேலி பண்ணுவார்கள். இவருக்கும் அது பிடித்திருந்தது. திருவனந்தபுரத்தில் இவரிடம் காற்றைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை.

நிலையத்தை ஒட்டின வீடு 'புதிய இல்லம்'. அங்கே ஹாஜரா பீ என்று ஒருத்தி. நாற்பது வயது இருக்கும். ஊறவைத்த தேங்காய் மட்டையை அடித்துக் கயிறு திரிக்கிறவள். மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் நிற்கவில்லை. வந்த முதல் வாரமே வேலியருகில் வந்து, பொன்னம்மையைக் காட்டி, "ஈ குட்டி ஏது வீட்டிலெயா?" என்றாள். எந்த வீட்டுக் குழந்தை என்கிறாள். இவர் தன் மகள் என்றார். அது பதிலாக அவளுக்குத் தோன்றவில்லை.

"இதின்டெ உம்மா?"

"மரிச்சு போயி."

"உம்மாண்டெ வீட்டுகார் இல்லே?"

"உண்டு."

"பின்னெ நீ எந்தினா இதினெ கொண்டு நடக்கணது?"

தாய் வீட்டார் இருக்கும்போது நீ எதற்கு இதைத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று ஒரு சந்தேகமும் இல்லாமல் கேட்டாள். அங்கேயும் தாய்வழிதான்! புருஷன் ராத்திரி பெண்டாட்டி வீட்டுக்கு வருவான், விடிந்ததும் தன் தாய் வீட்டுக்குப் போய்விடுவான். பிள்ளைகள் தாய் வீட்டுக்குச் சொந்தம். தாணுலிங்கம் பிள்ளையிடமிருந்து தப்பிக்கக் கடல் தாண்டிப் போன மனுஷன் ஒரு தீவு நிறையத் தாணுலிங்கம் பிள்ளைகளுக்கு நடுவில் போய் இறங்கியிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம்.

பங்குனியில் மங்கலத்தின் திவசம். இவரே சமைத்து, இலையில் சோறு வைத்துக்கொண்டு வெளியே போய் நின்று, "கா கா" என்று கூப்பிட்டிருக்கிறார். வெகுநேரம் கூப்பிட்ட பிறகுதான் அந்தத் தீவில் காக்கையே கிடையாது என்று உறைத்தது. அப்படியே இலையும் கையுமாக அழுதிருக்கிறார். ஹாஜரா பீ வந்து விஷயம் என்ன என்று கேட்டாள். செத்தவளுக்கு வைத்த சோறு, தின்ன ஆள் இல்லை என்று இவர் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னார். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, பொன்னம்மையை இடுப்பில் தூக்கி வைத்து, அந்தச் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டினாள். உம்மாவுக்குள்ளதை மகள் தின்றால் போதும் என்றாளாம். "எந்த சாஸ்திரிகளும் எனக்கு அன்னைக்கு அவ்வளவு சமாதானம் சொல்லியிருக்க முடியாது சாமி" என்றார். என்னிடம் போய் அதைச் சொல்கிறார்!

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்ததும் ஓடங்களை எல்லாம் கரையில் ஏற்றிவிட்டார்கள். இனி புரட்டாசி வரைக்கும் யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. கடல் கொந்தளிக்கிற காலத்தில்தான் எங்கள் வேலைக்கு மவுசு. பகலும் ராத்திரியும் காற்றை அளந்து கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பொன்னம்மைக்குக் காய்ச்சல். ஒரு சாயங்காலம் ஹாஜரா பீ மழையில் நனைந்துகொண்டு வந்து, பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கொண்டு போகட்டுமா என்று கேட்டாள். அவளுடைய வீட்டுக்குப் பெரியவரான காரணவரும் இன்னொரு கிழவரும் கூட வந்திருந்தார்கள். இவர் கையில் விளக்கு, பாரோமீட்டர் இறங்கிக்கொண்டே போகிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"கொண்டு போய்க்கோ. எனிக்கு குட்டீன்டெ காரியத்தில் ஒரு அவகாசமும் இல்லா."

குழந்தையைக் கவனிக்க எனக்குக் கொஞ்சமும் நேரம் இல்லை என்று தமிழ் மனசோடு சொன்னார். மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. குழந்தை விஷயத்தில் எனக்கு ஒரு உரிமையும் இல்லை என்று அவர்கள் காதில் விழுந்தது. பூதலிங்கத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அவசரத்தில் வார்த்தையைத் தமிழில் எடுத்து வாலை மட்டும் மலையாளத்தில் ஒட்டுவது எங்கள் ஊர்த் தமிழர்களுக்குக் கூடப்பிறந்த வியாதி. நானே எத்தனை தடவை அசடு வழிந்திருக்கிறேன்!

ஹாஜரா பீ நின்ற இடத்திலேயே நின்றாள். "சத்யமாயிட்டோ?" என்றாள். நிஜமாகவா?

"சத்தியம்" என்றார் இவர். நல்ல பெண்பிள்ளை, எனக்கு வேலை இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொள்கிறாளே என்று நினைத்துக்கொண்டாராம்.

பொன்னம்மைக்குக் காய்ச்சல் விட்டது. அவள் அங்கேயே இருந்துவிட்டாள். இவர் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பிள்ளை தேறி, கன்னம் வைத்து, கடலோரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அந்தத் தீவுப் பாஷை அவள் வாயில் சரளமாக வந்தது. ஹாஜரா பீயை உம்மா என்றாள். இவரை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி "காத்து சாரே" என்று கூப்பிட்டாள். அன்று கொஞ்சம் சுருக்கென்றது, ஊருக்குப் போனால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார். பிள்ளைக்குக் காது குத்தினார்கள், அங்கத்து வழக்கப்படி காதோரம் முழுக்க வரிசையாக. இவரையும் விருந்துக்கு அழைத்து, பாயில் உட்காரவைத்து, தேங்காய்ச் சர்க்கரை கொடுத்தார்கள். தின்றுவிட்டு வந்தார்.

புரட்டாசியில் ஓடம் வந்தது. இவருக்குப் பதில் ஆளும் அதில் வந்து இறங்கினார். இவர் பெட்டியைக் கட்டிவிட்டு, பிள்ளையைக் கூப்பிடப் புதிய இல்லத்துக்குப் போனார். ஹாஜரா பீ அடித்துக்கொண்டிருந்த மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எவிடேக்கு?" என்றாள். எங்கே?

அங்கேதான் எல்லாம் விளங்கியது. ஊர்ப் பெரியவர்கள் பள்ளிவாசல் முற்றத்தில் கூடினார்கள். அவகாசம் இல்லை என்று நீ சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன், ஆனால் தமிழில் அதற்கு நேரம் என்று அர்த்தம் என்றார். அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. தப்பு நடந்துவிட்டது, யார் மேலும் குற்றம் இல்லை, குழந்தையைக் கேட்போம் என்றார் காரணவர். அது எங்கே போகிறேன் என்கிறதோ அங்கே போகட்டும்.

"கேக்க விட்டீரா?" என்றேன் நான்.

பூதலிங்கம் தலையை ஆட்டினார். "அது என்ன சொல்லும்னு எனக்குத் தெரியும் சாமி."

அதனால் சர்க்கார் ஆளாக மாறினார். இப்போதே கலெக்டருக்குத் தந்தி அடிப்பேன், போலீஸ் வரும், தீவையே கட்டிக்கொண்டு போகும் என்று இரைந்தார். மேகத்தை மட்டும்தான் திட்டுவார் என்று நான் நினைத்திருந்த மனுஷன்! பாவம், அந்த ஜனங்கள் பயந்துவிட்டார்கள். பிள்ளையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அது "உம்மா, உம்மா" என்று அலறி இவர் கழுத்தைப் பிறாண்டியது. ஹாஜரா பீ கரை வரைக்கும் வந்தாள், தண்ணீரில் இறங்கி ஓடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கையை எடுக்க மாட்டேன் என்கிறாள். அடுத்த வருஷம் மழை நின்றதும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று இவர் அடித்துச் சொன்னார். வாயில் வந்த பொய். அவள் நம்பிக் கையை எடுத்தாள். எடுத்துவிட்டு, ராத்திரி முழிப்பு வந்தால் இவளுக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தூங்கமாட்டாள் என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

பழவங்காடி வீட்டில் பிள்ளை பேசவே இல்லை. மூலையில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். சோறு இறங்கவில்லை, மீன் வேண்டும் என்று அழுதது. பூதலிங்கம் சுத்த சைவம், அப்பன் பாட்டன் காலத்திலிருந்து. சாலைக் கம்போளச் சந்தையில் போய், மூடி போட்ட தூக்கில் மீன் வாங்கி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தன் கையாலேயே சமைத்து ஊட்டினார். நான் வாசலில் காவலுக்கு நின்றேன். அக்ரகாரத்துக்காரன் மீன் வேகிற வீட்டுக்குக் காவல்! என் வீட்டில் தெரிந்தால் அன்றோடு என் கதை முடிந்தது.

செய்தி எட்டி மாமன் வந்து இறங்கினார். இந்தத் தடவை வாடகைக் காரோடு வந்திருந்தார். "போதும் மாப்ளே. கடல், தீவுன்னு கொண்டு போயி பிள்ளைய என்ன கோலம் ஆக்கி வச்சிருக்கேரு. நான் இப்ப கொண்டு போறேன்" என்றார். நான் அங்கேதான் இருந்தேன். பூதலிங்கம் தடுக்கவில்லை.

"கொண்டு போங்க அத்தான். ஆனா ஒரு காரியம் சொல்லிருதேன். பிள்ளை இத்தன மாசமும் துலுக்க வீட்டுல வளந்தது. அவ கையால தின்னு, அவகூட ஒரே பாயில கெடந்தது. அவளத்தான் அம்மைன்னு கூப்பிடும். மீன் இல்லாம சோறு எறங்காது. காதப் பாருங்க."

தாணுலிங்கம் பிள்ளை காதைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. அவருக்கும் கட்டிக்கொடுக்க வேண்டிய இரண்டு பெண்கள் இருந்தார்கள். "உம்ம பிள்ளைய நீரே வச்சுக்கிடும்" என்று சொல்லிவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காரில் ஏறினார். அப்புறம் அவர் வரவே இல்லை.

ஜெயித்துவிட்டார் என்று நான் அவர் முதுகில் தட்டினேன். மனுஷன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குழந்தையாட்டம் அழுதார். "அந்தப் பொம்பளை எம்பிள்ளைய உயிரோட மீட்டுத் தந்தா சாமி. அவ பேர நான் சாணி மாதிரி எடுத்து வாசல்ல எறிஞ்சேன். அதனாலதான் பிள்ளை எனக்குக் கெடச்சிருக்கு." அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

பிள்ளைகளுக்கு மறதி ஒரு வரம் என்பார்கள். பொன்னம்மைக்கு அது மெதுவாக வந்தது. முதலில் மீனை மறந்தாள். பிறகு அந்தப் பாஷை போயிற்று. பள்ளிக்கூடத்தில் திருவனந்தபுரத்து மலையாளம் வந்து உட்கார்ந்துகொண்டது, வீட்டில் நாஞ்சில் தமிழ். ஒரு நாள் அப்பா என்று கூப்பிட்டாள். பூதலிங்கம் அன்று ஆபீஸ் முழுக்க மிட்டாய் கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை. கோணல்மாணலாகத் தலை பின்னி, ரிப்பன் கட்டி, கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டுவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவார்.

தீவுக்கு மட்டும் போகவே இல்லை. போனால் ஹாஜரா பீயின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிள்ளை அவளோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது என்கிற பயமும் இருந்தது. வருஷா வருஷம் அங்கே போகிற ஆளிடம் வளையலோ துணியோ வாங்கிக் கொடுத்தனுப்புவார், பொன்னம்மை அனுப்பினதாகச் சொல்லச் சொல்லி. அவ்வளவோடு சரி.

1956 கடைசியில், நாஞ்சில் நாடு மதராசோடு சேர்ந்த சமயம், தீவில் இருந்த அப்சர்வர் சத்தியநேசன் லீவில் வந்தார். ஹாஜரா பீ ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். மழை நின்று முதல் ஓடம் வரும்போதெல்லாம் அவள் கரைக்கு வந்து நிற்கிறாளாம். இப்போது கண் சரியாகத் தெரியவில்லை, யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வருகிறார்களாம். ஒரு தடவை காட்டினால் போதும், பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன், அவகாசம் கேட்கமாட்டேன் என்று சொல்லச் சொன்னாளாம்.

அன்று சாயங்காலம் பூதலிங்கம் என்னையும் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தனியாகக் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. பொன்னம்மை தரையில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பத்து வயசு, மங்கலத்தின் ஜாடை அப்படியே.

"மக்களே, நாம ஒரு தீவுக்குப் போவமா? இந்தத் தடவ போவோம்னு தோணுது" என்று மகளைக் கேட்டார்.

"எந்தத் தீவு?"

"நீ சின்னதுல இருந்ததுதான். சுத்தி ஒக்கெ கடல்."

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "ஓடத்துல சர்த்தி எடுத்தது ஓர்மை உண்டு." வாந்தி எடுத்தது மட்டும் ஞாபகம்.

"பின்னே?" அவர் அவளருகில் குனிந்தார். "பின்னே என்ன ஓர்மை உண்டு?"

"பின்னே ஒண்ணும் இல்ல." எழுதத் திரும்பினவள் மறுபடி தலையைத் தூக்கி, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். "அங்க நமக்கு யாருப்பா இருக்கா?"

இந்த மறதிக்காகத்தான் அவர் வேண்டாத தெய்வம் இல்லை. சொல்லுமேன் ஓய் என்று நான் மனசுக்குள் கத்தினேன். உன்னை வளர்த்தவள் இருக்கிறாள் என்றால், பின்னே ஏன் வந்தோம் என்று அடுத்த கேள்வி வரும்.

"யாரும் இல்ல மக்களே" என்றார்.

லீவு முடிந்து திரும்புகிற அன்று சத்தியநேசன் ஆபீசுக்கு வந்து பதில் கேட்டார். பிள்ளைக்குப் பரீட்சை, இந்த வருஷம் முடியாது என்றார் பூதலிங்கம். சத்தியநேசன் இரண்டு எட்டு வைத்ததும் பின்னாலேயே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு சொல்லும். உம்மாவ எப்ப பாக்கப் போவோம்னு பிள்ளை தெனமும் கேக்குதுன்னு சொல்லும்."

சத்தியநேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டாயம் சொல்கிறேன் அண்ணாச்சி என்றார். அது பொய் என்று அவருக்குத் தெரியாது, அதனால் நன்றாகவே சொல்லியிருப்பார்.